நாட்பட்ட நோவுக்குப் பயோபீட்பேக்கும் உளவியற் பயிற்சியும்: வீட்டில் தொடங்குவதற்கான வழிகாட்டி

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நோவையும், அவ்வளவு காலத்துக்குத் திரும்பத் திரும்ப வந்துபோகும் நோவையும் மருத்துவர்கள் நாட்பட்ட நோவு என்று வகைப்படுத்துகிறார்கள். நாரி நோ, கழுத்துப் பிடிப்பு, தலையிடி, பழைய காயம் ஆறிய இடத்தில் நிற்கும் கடுப்பு ஆகியவை இங்கே அதிகம் காணப்படுபவை. இந்த நோவுடன் யாழ்ப்பாணத்தில் ஒருவர் நடக்கும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். பனடோலில் தொடங்கி, பூச்சு மருந்து, பரியாரியாரிடம் எண்ணெய் போட்டு உருவுதல், எக்ஸ்ரே, கடைசியில் எம்.ஆர்.ஐ. படம் என்று போய், "படத்திலை பெரிசா ஒண்டும் இல்லை, யோசிக்காமல் இருங்கோ" என்ற சொல்லோடு அந்த வழி முடிந்துவிடுகிறது. கேட்பவருக்கோ தன் நோவைப் பொய் என்று சொல்லிவிட்டார்கள் என்றே படுகிறது. அப்படி எண்ணத் தேவையில்லை. நோவை உருவாக்குவது நரம்பு மண்டலம். அந்த மண்டலம் பயிற்சிக்கு இணங்கக்கூடியது. உளவியல் முறைகள் பரிந்துரைக்கப்படுவதற்கு அதுவே காரணம்.

1965இல் றொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் ஆகிய இருவரும் வெளியிட்ட கோட்பாடு, முண்ணாணில் ஒரு படலை இருப்பதாகச் சொன்னது. உடம்பிலிருந்து வரும் சைகைகளை அது கூட்டியோ குறைத்தோ மேலே விடுகிறது. மூளையிலிருந்து இறங்கிவரும் பயமும் கவனமும் எதிர்பார்ப்பும் அதே படலையைத் திறக்கவோ சாத்தவோ செய்கின்றன. கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், கடுமையாகக் காயப்பட்டுக் கொண்டுவரப்பட்ட படைவீரரிற் பெரும்பான்மையோர் நோ மருந்து வேண்டாம் என்று சொன்னதை 1946இல் பதிவு செய்தார். செல் துண்டு பட்டவர் பங்கருக்குள் வந்த பின்னரே தன் இரத்தத்தைக் கண்ட கதைகளை நம்மிற் பலரும் கேட்டிருக்கிறோம். நாட்பட்ட நோவில் நடப்பது இதன் மறுபக்கம்: காயம் ஆறிய பின்னும் படலை சாத்தப்படுவதில்லை.

அந்த நிலையில் உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் சில வேலைகளைச் செய்கிறது. கதிரையிலிருந்து எழும்பும்போது மூச்சை அடக்குகிறது, தோள்களைக் காதுப் பக்கம் உயர்த்துகிறது, தாடையை இறுக்குகிறது, நாரித் தசைகளை நாள் முழுவதும் விறைப்பாக வைத்திருக்கிறது. இவை யாவும் நோவைக் கூட்டுகின்றன. ஆனால் செய்பவருக்குத் தான் செய்வது தெரிவதில்லை. தெரியாமல் நடப்பதைக் கண்ணுக்கோ காதுக்கோ தெரியச்செய்து, தெரிந்ததை மாற்றப் பழக்குவதுதான் உயிரியற் பின்னூட்டம், அதாவது பயோபீட்பேக். பெரிய நிலையங்களில் தசையின் மின்னலைகளை அளக்கும் உணரிகளை நெற்றியிலோ கழுத்திலோ ஒட்டி, தசை இறுகும்போது ஒலி கூடும்படியும் தளரும்போது குறையும்படியும் கருவியை அமைத்து, பத்துப் பன்னிரண்டு அமர்வுகளுக்குப் பழக்குகிறார்கள். ஒற்றைத் தலையிடிக்கும் இறுக்கத் தலையிடிக்கும் இந்த முறைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. நாரி நோவுக்கு ஆதாரம் அதைவிடக் குறைவு. அந்தக் கருவி கைக்கு எட்டாதவர்கள் கண்ணாடி, மணிக்கூடு, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஒரு கொப்பி ஆகியவற்றைக் கொண்டு இதன் பெரும்பகுதியைச் செய்ய முடியும் என்பது என் கருத்து.

தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

சில நோவுகளுக்குப் பயிற்சி பொருந்தாது, மருத்துவர்தான் வேண்டும். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் கழிக்க முடியாமற் போதல், தொடை இடுக்கில் உணர்வு மரத்தல், கால் அல்லது கை பலமிழந்து வருதல், நாரி நோவுடன் காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் எலும்பு நோ, ஐம்பது வயதுக்குப் பின் முதன்முறையாகத் தொடங்கும் தலையிடி, இடி விழுந்தாற்போல் ஒரு நொடியில் உச்சம் தொடும் தலையிடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றிருந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மருந்து எடுப்பவர் தானாக அதை நிறுத்தக் கூடாது. அதேவேளை, தலையிடிக்காரர் ஒரு மாதத்தில் எத்தனை நாள் பனடோல் போட்டார் என்று எண்ணிப் பார்ப்பது அவசியம். மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேலாகச் சாதாரண நோ மாத்திரை போடுபவருக்கு அந்த மாத்திரையே தலையிடியை நீட்டிக்கலாம்; பலமான கலப்பு மாத்திரைகளுக்கு இந்த எல்லை 10 நாள். இந்தக் கணக்குக் கையில் இருந்தால் மருத்துவருடன் பேசுவது இலகுவாகும்.

எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது

கொப்பி திறந்தவுடன் பலர் செய்வது, நோ பத்துக்கு எத்தனை என்று மணிக்கொரு தடவை எழுதுவது. அதைச் செய்யாதீர்கள் என்பதே இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. நோவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது கவனத்தை அதன்மேற் குவிக்கிறது. குவிந்த கவனம் படலையைத் திறந்துவைக்கிறது. நோவின் அளவு நேரடியாக உங்கள் கைக்குள் இருப்பதுமில்லை. உங்கள் கைக்குள் இருப்பவை மூச்சின் வேகம், தோளின் உயரம், தசையின் இறுக்கம், ஒரு வேலையைச் செய்யும் நிமிடங்கள், அந்த நேரத்தில் மனத்தில் ஓடிய வசனம். இவற்றை எழுதுங்கள். நோவின் எண்ணை இரவில் ஒரு தடவை எழுதினாற் போதும். முதற் கிழமை எதையும் மாற்றாமல் பார்த்து எழுதுவதோடு நிறுத்துங்கள். எங்கே தொடங்குகிறோம் என்று தெரியாவிட்டால் பின்னர் முன்னேற்றமும் தெரியாது.

மூச்சு

முதலிற் பழக வேண்டியது இதுதான். முதுகு சாயக்கூடிய கதிரையில் இருந்து, ஒரு கையை நெஞ்சிலும் மற்றதை வயிற்றிலும் வைத்து, விநாடிமுள் உள்ள மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது பன்னிரண்டுக்கும் இருபதுக்கும் இடையில் இருக்கும். நெஞ்சிலுள்ள கைதான் அதிகம் அசையும். வயிற்றிலுள்ள கை அசையும்படி நாலு விநாடி மூச்சை எடுத்து, ஆறு விநாடி மெதுவாக விடப் பழகினால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். காலையும் மாலையும் பத்து நிமிடம் போதும். தலை சுற்றினாலோ விரல் நுனி விறைத்தாலோ அளவுக்கு மீறி ஆழமாக இழுக்கிறீர்கள் என்று பொருள். வேகத்தை அப்படியே வைத்து ஆழத்தைக் குறையுங்கள்.

கொவிட் காலத்தில் வாங்கிய ஒக்சிமீற்றர் வீட்டில் கிடந்தால் அது இப்போது பயன்படும். விரலில் மாட்டி, ஒட்சிசன் அளவை விட்டுவிட்டு நாடித்துடிப்பின் எண்ணைப் பாருங்கள். மூச்சை எடுக்கும்போது துடிப்பு கூடும், விடும்போது குறையும். ஆறு மூச்சு வேகத்தில் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாகும். கருவி சில விநாடிகளின் சராசரியைக் காட்டுவதால் எண் சற்றுப் பிந்தியே மாறும். முதியவர்களுக்கும் நீண்டகால நீரிழிவுக்காரருக்கும் இந்த ஏற்ற இறக்கம் சிறிதாக இருக்கும், அதையிட்டு மனம் தளரத் தேவையில்லை.

எண்ணிக்கொண்டு மூச்சு விடுவது சிலருக்குச் சலிப்பாக இருக்கும். 2001இல் இத்தாலிய ஆய்வாளர் லூசியானோ பெர்னார்டியின் குழு வெளியிட்ட ஆய்வு ஒன்று, இலத்தீன் மொழியில் செபமாலை சொல்வதும் ஒரு யோக மந்திரத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்வதும் மூச்சை ஏறக்குறைய நிமிடத்துக்கு ஆறாகவே கொண்டுவருவதைக் காட்டியது. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரமும் மந்திர செபம், பிராணாயாமம், சாந்தி ஆசனம் போன்ற நமது பழக்கங்களைச் சிகிச்சையிற் சேர்க்குமாறு நீண்டகாலமாக வலியுறுத்தி வந்தவர். ஆகையால் சைவர் ஒருவர் நமசிவாய மந்திரத்தையும் கத்தோலிக்கர் ஒருவர் அருள்நிறை மரியே என்ற செபத்தையும் மூச்சோடு இணைத்துக்கொள்ளலாம். அவசரமாகச் சொல்லி முடித்தால் பலன் இல்லை; ஒரு செபத்துக்கு ஒரு மூச்சு என்ற ஒழுங்கு வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. கண்ணை மூடி அமைதியாக இருந்தவுடன் பழைய எறிகணைச் சத்தமோ, தடுப்பில் இருந்த நாட்களோ, பறிகொடுத்தவரின் முகமோ முன்னால் வருபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படியானவர்கள் கண்ணைத் திறந்து, பாதங்களை நிலத்தில் அழுத்தி, அறையிலுள்ள பொருட்களைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் மட்டும் செய்வது நல்லது. அதுவும் முடியாவிட்டால் பயிற்சியை நிறுத்தி உளவளத்துணையாளரிடம் போக வேண்டும். அங்கே நோவும் நினைவும் சேர்ந்தே கவனிக்கப்பட வேண்டியிருக்கும்.

விரற் சூடு பற்றி ஒரு குறிப்பு

1960களின் இறுதியில் அமெரிக்காவின் மெனிங்கர் நிறுவனத்தில் எல்மர் கிறீன் குழுவினர், கைவிரல்களைச் சூடாக்கப் பழகுவது ஒற்றைத் தலையிடிக்கு உதவுகிறது என்று கண்டார்கள். பதற்றத்தில் விரல்களின் குருதிக் குழாய்கள் சுருங்குவதால் விரல் குளிரும், தளர்வில் சூடேறும். விரலில் வெப்பமானியைக் கட்டி 35 பாகை செல்சியஸ் வரை கொண்டுவருவது அங்கே வழக்கமான இலக்கு. ஆனால் சித்திரை வைகாசி வெயிலில் யாழ்ப்பாணத்தில் இது வீண் வேலை. ஒன்றும் செய்யாமலே விரல் 35இல் நிற்கும். மின்விசிறியைப் போட்டால் வியர்வை காய்ந்து, பதற்றமே இல்லாதவருக்கும் விரல் குளிரும். தோலின் ஈரத்தை அளக்கும் கருவிகளுக்கும் இதே குறைதான். மார்கழி, தை மாதத்து விடிகாலையில் விசிறி இல்லாமற் செய்து பார்க்கலாம். மற்றக் காலங்களில் மூச்சையும் தசையையும் நம்புவதே மேல்.

தசை

தசைத் தளர்வுப் பயிற்சியை 1920களில் எட்மண்ட் ஜேக்கப்சன் ஒழுங்குபடுத்தினார். ஒரு தசைக்கூட்டத்தை ஐந்து விநாடி மெதுவாக இறுக்கி, இருபது முப்பது விநாடி தளரவிட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிப்பதுதான் முறை: கை, புயம், முகம், தாடை, தோள், வயிறு, தொடை, பாதம் என்று வரிசையாக. நோவுள்ள இடத்தை இறுக்காமல் தளர்த்துவதை மட்டும் செய்யுங்கள்.

இதற்குப் பின்னூட்டம் தருவது ஆளுயரக் கண்ணாடி. அதன்முன் இருந்து கைத்தொலைபேசியில் எழுதும்போதோ, தையல் இயந்திரத்தில் வேலை செய்யும்போதோ தோள்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். ஒரு தோள் மற்றதைவிட உயர்ந்திருப்பதையும், நினைக்காமலே பற்களைக் கடித்திருப்பதையும் முதன்முறை காணும்போது பலர் வியப்படைவார்கள். கண்டவுடன் ஒரு நீண்ட மூச்சை விட்டுத் தோளை இறக்குங்கள். நாளுக்கு இருபது தடவை செய்தாலும் அதிகமில்லை.

நாரிக்கும் கழுத்துக்கும் இயன்மருத்துவர்கள் அழுத்தப் பை ஒன்றைப் பயன்படுத்துவார்கள். முள்ளும் வட்டமும் உள்ள பழைய வகை இரத்த அழுத்தக் கருவி அதற்கு ஈடாகும். எண் காட்டும் தானியங்கிக் கருவி சரிவராது. முழங்கால்களை மடித்து மல்லாந்து படுத்து, கருவியின் கையிற் சுற்றும் துணிப் பட்டியை மடித்து நாரிக் குழிவின் கீழ் வைத்து, முள் 40இல் நிற்கும்வரை காற்றடியுங்கள். மூச்சை அடக்காமல் அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்தபடி ஒரு குதிக்காலைத் தரையில் வழுக்கி நீட்டி மடக்கும்போது முள் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்க வேண்டும். அது துள்ளினால் வயிற்றுத் தசையின் வேலையை நாரி செய்துகொண்டிருக்கிறது. கழுத்துக்கு, அதே பட்டியைப் பிடரிக்குக் கீழ் வைத்து 20 வரை காற்றடித்து, ஆம் என்பதுபோல் தலையை மிகமிக மெதுவாக அசைத்து 22இல் பத்து விநாடி நிறுத்திப் பழகி, அது இலகுவான பின் இரண்டிரண்டாக 30 வரை கூட்டலாம். முதற் தடவை இயன்மருத்துவர் ஒருவரின் முன்னிலையில் செய்வது நல்லது. சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் இயன்மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

இல்லாத கால் நோகும்போது

மிதிவெடியிலும் எறிகணையிலும் காலிழந்தவர்களுக்கு, இல்லாத பாதத்தின் விரல்கள் முறுகி நோவதாக உணரப்படும் மாய உறுப்பு நோவு நன்கு தெரியும். இதற்குக் கண்ணாடியைப் பின்னூட்டமாக்கியவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். இராமச்சந்திரன், காலம் 1990கள். நீளமான கண்ணாடியை இரு கால்களுக்கும் நடுவில் நிறுத்தி, நல்ல கால் அதில் தெரியும்படியும் துண்டிக்கப்பட்ட கால் அதன் பின்னால் மறையும்படியும் இருங்கள். நல்ல பாதத்தை மெதுவாக நீட்டி மடக்கி, விரல்களை விரித்து, கண்ணாடியில் தெரிவது மற்றக் கால்தான் என்று பார்த்தபடி, இல்லாத பாதத்தாலும் அதே அசைவைச் செய்ய முயலுங்கள். 2007இல் அமெரிக்கப் படைவீரர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில் நாளுக்கு 15 நிமிடமாக நாலு கிழமை செய்தவர்களுக்கு நோ குறைந்தது. சிலருக்கு அந்தக் காட்சியே துக்கத்தையோ தலைச்சுற்றையோ தரும், அப்போது விட்டுவிடலாம். செயற்கைக் கால் பொருத்த யாழ். ஜெய்ப்பூர் நிலையத்துக்குப் போகும்போது இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

வேலையை மணிக்கூட்டால் அளத்தல்

நோ குறைந்த நாளில் தோட்டம் முழுவதையும் கொத்திவிட்டு, அடுத்த மூன்று நாள் பாயில் கிடப்பவரைத் தெரியாதவர் இல்லை. வீட்டில் அந்தியேட்டி வந்தால் ஒரு பெண் ஒரே நாளில் இருபது தேங்காய் துருவி, பிறகு ஒரு கிழமைக்குக் குனிய மாட்டார். 1970களில் வில்பேர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் இந்தப் பழக்கத்தை ஆராய்ந்து, நோ வந்ததும் நிறுத்துவது உடலுக்குத் தவறான பாடத்தைக் கற்பிக்கிறது, நேரத்தைக் கொண்டு நிறுத்த வேண்டும் என்று வாதிட்டார்.

செய்முறை இது. திருவலையில் இருந்து துருவும்போது எத்தனை நிமிடத்தில் நோ ஏறுகிறது என்று மூன்று நாள் பாருங்கள். 12, 8, 10 என்று வந்தால் சராசரி 10. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து எட்டு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் மணி அடித்ததும், நோ இருந்தாலும் இல்லாவிட்டாலும், எழும்பி நாலு நிமிடம் நடந்துவிட்டு மீண்டும் எட்டு நிமிடம். கிழமைக்கு ஒரு நிமிடம் கூட்டலாம். நல்ல நாளில் மணியை மீறாமல் இருப்பதுதான் கடினம். கூடாத நாளில் பாதியாகக் குறைக்கலாம், பூச்சியமாக்கக் கூடாது. வெங்காயத் தோட்டத்தில் புல் பிடுங்குவதற்கும், சைக்கிள் ஓடுவதற்கும், நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களுக்கும் இதே கணக்குத்தான். தேருக்கு நிற்க வேண்டுமென்றால் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே நிற்கும் நிமிடங்களைக் கூட்டத் தொடங்க வேண்டும்.

மனத்தில் ஓடும் வசனம்

நோ ஏறும் நேரத்தில் மனம் ஒரு வசனத்தைச் சொல்கிறது. அதைச் சொன்னபடியே எழுதுங்கள்: "நாரி முறிஞ்சு போச்சு, இனி நான் ஒருத்தருக்கும் உதவாத ஆள்." பிறகு அதன் கீழே, அது எவ்வளவு உண்மை என்று ஒரு சாட்சியை விசாரிப்பதுபோல் விசாரித்து எழுதுங்கள். படத்தில் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுப் புடைத்திருக்கிறது என்பது பலரின் பயத்துக்கு ஆதாரம். ஆனால் நோவே இல்லாத நாற்பது வயதுக்காரரிலும் ஏறக்குறைய அரைவாசிப் பேரின் படங்களில் அந்தப் புடைப்பு காணப்படுகிறது. விசாரணைக்குப் பின் எழுத வேண்டிய வசனம் "எனக்கு ஒன்றுமில்லை" என்பதாக இருக்கக் கூடாது. மனம் அதை நம்பாது. "நாரி நோகிறது. போன மாதமும் இப்படிக் கூடி நாலு நாளில் இறங்கியது. இன்றைக்கு எட்டு நிமிடம் செய்வேன்" என்பது நம்பக்கூடியது.

வீட்டுக்காரரின் பங்கும் உண்டு. "அம்மா, நீங்கள் இருங்கோ, நான் செய்யிறன்" என்று ஒவ்வொரு வேலையையும் பறிப்பது அன்பினால்தான். ஆயினும் அது நோவாளியை மெல்ல மெல்லக் கதிரையோடு கட்டிவிடுகிறது. "இண்டைக்கு நோ எப்படி?" என்று நாள் முழுக்கக் கேட்பதை விட்டு, "அம்மா, இண்டைக்கு எத்தினை நிமிசம் நடந்தனீங்கள்?" என்று கேட்டால் கவனம் நல்ல பக்கம் திரும்பும். முகம் சுளிப்பதைக் கண்டும் பேசாமல் இருப்பது பிள்ளைகளுக்குக் கடினம். அதையும் அவர்கள் பழக வேண்டும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

2016இல் வெளியான, நாட்பட்ட நாரி நோவுள்ள 342 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வில், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் எண்ண நடத்தைச் சிகிச்சையோ விழிப்புநிலைத் தியானப் பயிற்சியோ பெற்றவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 44 பேருக்கு ஆறு மாதத்தில் நோவின் தொல்லை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் இது 27 பேர். எல்லாருக்கும் பலிக்கவில்லை, ஆனால் சாதாரண வேறுபாடும் அல்ல. எட்டுக் கிழமை ஒழுங்காகச் செய்தும் வேலை நிமிடங்களில் மாற்றமே இல்லை என்றால், அல்லது நோவுடன் தூக்கமின்மையும் வாழ விருப்பமின்மையும் சேர்ந்தால், கொப்பியையும் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ உள்ள உளமருத்துவப் பிரிவுக்குப் போங்கள். வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் வந்தால் எட்டுக் கிழமை முடியும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.

மாற்றம் தெரிந்தால், நாலாம் கிழமையளவில் கருவியைக் கழற்றுங்கள். ஒக்சிமீற்றரைப் பார்க்காமல் மூச்சை ஆறுக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு மாட்டிச் சரிபாருங்கள். கண்ணாடிக்கு முன்னால் கற்றதை பருத்தித்துறை பஸ்ஸின் நெரிசலிலும் வங்கி வரிசையிலும் செய்து பாருங்கள். நோ திடீரென ஏறும் நாளுக்கென்று ஒரு பக்கத்தை நல்ல நாளிலேயே எழுதி வையுங்கள்: எந்த மூச்சு, எந்த வேலை பாதியாகும், எந்த வேலையை யார் செய்வார், மருத்துவர் சொன்ன மாத்திரை எத்தனை, எத்தனையாம் நாளில் பழைய நிமிடங்களுக்குத் திரும்புவது. அந்தப் பக்கத்தின் ஒரு படியை வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள்.